பேட்டரியில் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

தோணியில் ஜெனரேட்டரை எந்தக் கிழமை ஓட்டுகிறோமோ அந்தக் கிழமைதான் பேட்டரியில் ஏறும். பிறகு விளக்கைப் போட்டால் எரிவதும் அந்தக் கிழமைதான். அதனால் எங்கள் ஊர்த் தோணிகளில் செவ்வாய்க்கிழமை மட்டும் சார்ஜ் ஏற்றுவது வழக்கம். செவ்வாயில் கொஞ்சம் குறைந்தால் யாரும் தேட மாட்டார்கள். திங்கட்கிழமைக்கு உள்ள சோம்பலும் அதற்குக் கிடையாது, சனிக்கிழமைக்கு உள்ள துள்ளலும் கிடையாது. செவ்வாய் வெளிச்சத்தில் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார்கள்.

என் பெயர் கஸ்பார். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போகும் ‘லாசரம்மாள்’ என்கிற மரத்தோணியில் நான் என்ஜின் டிரைவர். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். எங்கள் தண்டல் மோத்தா. சமைக்கிறவரைப் பண்டாரி என்போம். அவர் இஞ்ஞாசி. இஞ்ஞாசி நன்றாகச் சமைப்பார், ஆனால் பரிமாறும்போது ஏதாவது ஒரு குறை சொல்லிக்கொண்டுதான் பரிமாறுவார்.

மோத்தா தண்டலுக்கு இரண்டு விஷயங்களில் பிடிவாதம். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம். மற்றொன்று, பேட்டரி முள் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகள் கெட்டுப்போகும். தப்பித் தவறி இறங்கிவிட்டால் மறுநாளே முழுக்க ஏற்றிவிட வேண்டும். வேதத்துக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது அந்த முள்ளைத்தான்.

அந்தப் பயணத்தில் மாலத்தீவிலிருந்து திரும்பும் வழியில் பழைய ஜெனரேட்டர் மூச்சை விட்டது. அந்த வாரம் செவ்வாய் ஏறவில்லை. முதலாளி வாங்கிப்போட்ட வேறொரு ஜெனரேட்டர் சாக்கு மூடிக் கிடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் பல வருஷம் ஓடியது அது. அதை எடுத்துப் பொருத்துவதற்குள் சனிக்கிழமை ராத்திரி ஆகி, பேட்டரியும் காலி. பழைய ஜெனரேட்டர் தோணியின் பொழுதில் ஒரு கை அள்ளிக்கொள்ளும், அவ்வளவுதான். இது ஊரையே கூட்டிப் பழகியது. அதை நான் அப்போது யோசித்திருக்க வேண்டும் என்று இஞ்ஞாசி இன்றைக்கும் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், தோணியின் அடியில் ஊறும் தண்ணீர் என்ஜின் அறைப் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் போடலாம் என்றால் பேட்டரியில் ஒன்றும் இல்லை. தண்டல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கீழே வந்து பார்த்தார்.

“போடுல ஜெனரேட்டர,” என்றார்.

நான் போட்டேன். அது கல்யாணச் சத்தத்தோடு எழுந்தது. தண்ணீரை இறைத்து முடித்ததும் நிறுத்தப் போனேன். தண்டல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போட்டது அவசரம். போடலன்னா தோணி முங்கிரும், அது பாவத்துல சேராது. நிறுத்துறது அப்படியில்ல. அது வேலை. ஞாயித்துக்கிழம வேலை செய்யப்பிடாது.”

ஆகவே ஜெனரேட்டர் பொழுது அடையும்வரை ஓடியது. காலியான பேட்டரிகள் காலைப்பொழுதை மளமளவென்று வாங்கிக்கொண்டன. மதியம் கொஞ்சம் மெதுவாக ஏறியது. மாலை சொட்டுச் சொட்டாக ஏறியது. முள் முழுவதைத் தாண்டி நின்றது. எங்களுக்கு ஒரு குறைவும் இல்லை. ஜெனரேட்டர் சத்தம் கேட்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கு நாள் மிஞ்சும். மற்றவர்களுக்குத்தான் மிஞ்சாது.

நான் மட்டும் ஊர்த் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரணம், அன்றைக்கு எங்கள் கோயிலில் எனக்கு மூன்றாம் ஓலை. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. எனக்கும் செலஸ்தினாவுக்கும் இரண்டு ஓலை முடிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை கல்யாணம். புதன்கிழமை சாம்பல் புதன். அன்றைக்குத் தவசுக் காலம் தொடங்கிவிடும், பிறகு ஈஸ்டர்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. செலஸ்தினாவுக்கு பஹ்ரைனில் நர்ஸ் வேலை கிடைத்து, வியாழக்கிழமை விமானம். மூன்றாம் ஓலை தவறினால் அவள் கல்யாணம் ஆகாமலே போய்விடுவாள். போனவள் திரும்பி வரும்போது நான் யார் என்று நினைவிருக்குமோ என்னவோ. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது. என்ஜின் அறையில் அழுதால் யாருக்கும் தெரியாது, டீசல் நெடி என்று நினைத்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை காலையில் துறைமுகம் சேர்ந்தோம். செலஸ்தினா தோணித்துறையில் நின்றுகொண்டிருந்தாள். கையை இடுப்பில் வைத்திருந்தாள்.

“ஓலை வாசிச்சாச்சா?” என்று கயிற்றை எறிவதற்கு முன்பே கேட்டேன்.

“எப்படி வாசிப்பாவ? ஞாயித்துக்கிழமையே வரலையே. சனிக்கிழம படுத்தோம், முழிச்சா திங்கக்கிழம. பிள்ளைங்க எல்லாம் வீட்டுப்பாடம் எழுதாமப் பள்ளிக்கூடம் போயிருக்கு. கறிக்கடைக்காரரு ஆட்டுக்குத் தழை வச்சிட்டு உக்காந்திருக்காரு.” பிறகு சாக்கு நீங்கிக் கிடந்த ஜெனரேட்டரைப் பார்த்தாள். “உங்ககிட்டதான இருக்கு?”

“பேட்டரில இருக்கு.”

“அப்ப எடுத்துட்டு வாங்க,” என்றாள். “வேற யாரும் எடுக்குறதுக்கு முன்ன.”

பேட்டரிகளைக் கழற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். துறைமுக வாசல் காவலர் இதென்ன என்று பேட்டரியின் முனையில் விரலை வைத்தார். உடனே தொப்பியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வீட்டுக்குப் போய்விட்டார். வண்டி குலுங்கிய இடங்களில் கொஞ்சம் ஞாயிறு சிந்தியது. அந்த இடங்களில் மட்டும் கடைகளின் ஷட்டர் இறங்கியது.

பங்குச் சாமியார் கோயில் வாசலில் நின்றார்.

“சாமி, ஞாயித்துக்கிழமயக் கொண்டாந்திருக்கோம்,” என்றார் தண்டல்.

“முழுசா இருக்கா?”

“ராத்திரில கொஞ்சம் விளக்குக்குப் போயிட்டு, சாமி.”

“ராத்திரி போனாப் போகட்டும். பூசை இருக்கான்னு பாருங்க,” என்று சாமியார் உள்ளே போய் அங்கியை மாட்டிக்கொண்டார்.

பூசை இருந்தது. ஆனால் பேட்டரியில் கடைசியாக ஏறியதுதான் முதலில் இறங்கும். மாலை மேலே இருந்தது, அதற்குக் கீழே மதியம், காலைப்பூசை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. தண்டல் நடுக்கோயிலில் பேட்டரிகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பாதி வரைக்கும்தான். முள்ளு பாதிக்கு வந்தா நிறுத்திருவேன். கல்யாணம் வேற, தட்டு வேற.”

கோயில் விளக்குகளையும் மின்விசிறிகளையும் மைக் செட்டையும் அதில் இணைத்தேன். திங்கட்கிழமை வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றது. முதலில் மாலை இறங்கியது. ஓலை கேட்க வந்திருந்த அத்தனை பேரும் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார்கள். என் அம்மாவும் போய்விட்டாள். செலஸ்தினாவின் அப்பா போகிற வழியில் என்னிடம் சுண்டல் வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். வெறும் பெஞ்சுகளுக்கு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு மதியம் இறங்கியது. எல்லாரும் கடற்கரையிலிருந்து திரும்பி, வீடுகளில் படுத்துத் தூங்கினார்கள். தூங்கி எழுந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கறி வாங்கப் போனார்கள். கறிக்கடைக்காரர் அதற்குப் பிறகும் ஆட்டுக்குத் தழை வைத்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி. சாமியார் நாற்காலியில் சாய்ந்து லேசாகக் குறட்டை விட்டார். எனக்கும் கண் சொருகியது. செலஸ்தினா மட்டும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்த்துப் பழகியவள். அவள் என்னைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முள் பாதிக்கு வந்தது. பூசைக்கு இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டியிருந்தது. தண்டல் சுவிட்சை அணைக்கப் போனார்.

“தண்டல் மாமா,” என்றாள் செலஸ்தினா.

“என்ன மோளே?”

“இப்ப என்ன கிழம?”

தண்டல் விளக்கைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். தூங்குகிற சாமியாரைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழம,” என்றார்.

“நிறுத்துறது வேலைதான?”

தண்டலுக்குப் பின்னால் மாதா சுரூபம் இருந்தது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோலக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வேலைதான்,” என்றார்.

உடனே காலை இறங்கியது. மணி அடித்தது. சாமியார் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊர் ஜனம் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, வெள்ளை வெளேரென்று வந்து பெஞ்சுகளை நிரப்பியது. பூசை வேகமாக நடந்தது, காலைப்பொழுது மளமளவென்று ஏறியது அல்லவா. ஓலை வாசிக்கத் தொடங்கியபோது விளக்குகள் மங்கின. என் பெயரும் என் அப்பா பெயரும் மைக்கில் வந்தன. செலஸ்தினாவின் பெயரை மைக் பாதியில் விழுங்கிவிட்டது, மீதியைச் சாமியார் வாயாலேயே உரக்கச் சொன்னார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். எல்லாரும் தண்டலைப் பார்த்தார்கள். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் அடியில் படுத்துவிட்டது. திங்கட்கிழமை தான் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. ஜனம் எழுந்து அவரவர் வேலைக்குப் போனது.

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனால் தண்டல் விடுகிறவரா?

“சரி. ஓலை ஆயிட்டு. இப்ப பேட்டரி செத்துக் கிடக்கு. நாளைக்கே முழுசா ஏத்தலன்னா தட்டு போயிரும்.”

நாளை என்றால் செவ்வாய். செவ்வாய் என்றால் கல்யாணம். நான் செலஸ்தினாவைப் பார்த்தேன். அவள் யோசித்தாள்.

“தாலி கட்டுறது பத்து மணிக்கு,” என்றாள். “கட்டினதும் ஏத்திக்கிடுங்க. பாக்கி நாள் போதும்ல?”

“சாப்பாடு?” என்றேன். ஆட்டுப் பிரியாணிக்கு ஏற்பாடு ஆகியிருந்தது.

“சாப்பாடு எங்க போகப் போவுது? பேட்டரிலதான இருக்கும்,” என்றாள்.

தண்டல் ஒத்துக்கொண்டார். பேட்டரிகள் தோணிக்குத் திரும்பின. இஞ்ஞாசி பண்டாரி ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது, தாலி கட்டியதும் கோயில் மணி அடிப்பது, மணி கேட்டதும் அவர் போட்டுவிடுவது என்று ஏற்பாடு. ஜெனரேட்டர் சத்தம் கோயில்வரை கேட்காது. கல்யாணத்துக்குத் தன்னை மட்டும் கூப்பிடவில்லை என்று இஞ்ஞாசி இதையும் ஒரு குறையாக வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை தாலி கட்டினேன். மூன்றாம் முடிச்சுக்குச் செலஸ்தினா தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள். அவள் கழுத்து வெயில் பட்டதுபோலச் சூடாக இருந்தது. மணி அடித்தது.

நிமிர்ந்தால் சாமியார் ஊதா அங்கியில் சாம்பல் தட்டோடு நின்றார். புதன்கிழமை. மாலையோடு நின்ற எங்கள் இருவர் நெற்றியிலும் சாம்பலைப் பூசினார். வெளியே வந்தோம். பந்தல் பிரித்திருந்தது. பிரியாணி அண்டா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அன்றைக்கு எல்லாரும் உபவாசம். என் மாமனார் அண்டாவை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தோணியில் இஞ்ஞாசி தனியாக ஒரு முழுச் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்திருந்தார். நீளமான நாள் என்றார்.

வியாழக்கிழமை செலஸ்தினா விமானம் ஏறினாள். விமான நிலைய வாசல்வரை அவள் பெட்டியை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை நாங்கள் வெங்காயத்தோடு கிளம்பினோம்.

கடலில் இருட்டியதும் விளக்கைப் போட்டேன். கடைசியாக ஏறியது முதலில் இறங்கியது. அது எங்கள் கல்யாண நாளின் ராத்திரி. வெங்காய மூட்டைகளின்மேல் பட்டுப்புடவையில் செலஸ்தினா உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை. தண்டலும் மற்றவர்களும் தோணியின் முன்பக்கம் அணியத்துக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் மாலை இறங்கியது. உறவுக்காரர்கள் வரிசையாகத் தோணியில் ஏறி, எங்களுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். என்ஜின் அறையில் இப்போது மணி பார்க்க வசதியாக இருக்கிறது. முள் பாதிக்கு வந்ததும் தண்டல் சுவிட்சை அணைத்தார். செலஸ்தினா பஹ்ரைனுக்குத் திரும்பினாள். பாதிக்குக் கீழேதான் பிரியாணி இருந்தது. அணைக்கும்போதெல்லாம் தண்டல் முள்ளை முகர்ந்து பார்ப்பதுபோலக் குனிவார். தவசுக் காலம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே போய்விடுவார்.

“வாரத்துல ஒரு நாள் லீவு,” என்றாள் செலஸ்தினா, ஒருநாள் அணைப்பதற்கு முன்பு. “செவ்வாய்க்கிழமயா மாத்திக்கிட்டேன். அதயே ஏத்துங்க. வேற கிழமய ஏத்தினா வார்டுல நான் இருக்க மாட்டேன், ஏசுவாவ.”

செவ்வாய்தானே எங்கள் வழக்கம். ஏற்றினேன். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் கையளவோடு நிற்பதில்லை, ஆகவே எங்கள் ஊரில் இப்போது செவ்வாய்க்கிழமை வருவதில்லை. திங்கள் முடிந்தால் புதன். செவ்வாய்தோறும் நடந்த அந்தோணியார் நவநாள் ஜெபத்தைப் புதனுக்கு மாற்றிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க்கிழமைப் பாடத்தை எடுத்துவிட்டார்கள், அது கணக்கு என்பதால் பிள்ளைகளுக்கு வருத்தமில்லை. தினமும் விளக்குப் போட்டால் செலஸ்தினா வருகிறாள். மூட்டைமேல் உட்கார்ந்து, நான் ஏன் இளைத்தேன் என்று கேட்கிறாள். இஞ்ஞாசியின் குழம்பில் உப்புக் குறைவு என்கிறாள். முள் பாதிக்கு வரும்வரை எனக்குப் பெண்டாட்டி உண்டு. அது எனக்குப் போதாது. ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பிறக்க வேண்டிய குழந்தைகளும் தோணியில்தான் பிறக்கின்றன. விளக்குப் போட்டதும் பிள்ளைத்தாய்ச்சிகள் ஏணியைப் பிடித்து ஏறி வருவார்கள். செலஸ்தினா நர்ஸ் என்பது வசதி. பண்டாரி வெந்நீர் போடுவார். பிள்ளையும் தாயும் புதன்கிழமை வீட்டில் இருப்பார்கள்.

போன வாரம் எங்கள் தெரு ரெஜினாக்கா வந்தாள். தலைப்பிள்ளை, லேசில் வருவதாக இல்லை. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பாய் மறைப்புக்கு வெளியே நின்றேன். தண்டல் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார். அது பாதிக்கு வந்துவிட்டது.

“மோளே, நிறுத்தவா?”

“தல தெரியுது, மாமா,” என்றாள் செலஸ்தினா உள்ளிருந்து.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. நிறுத்தினால் பாவமில்லை. தண்டல் என்னைப் பார்த்தார். பிறகு சுவிட்சிலிருந்து கையை எடுத்து, முள்ளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

முள் பாதிக்குக் கீழே இறங்கியது. உள்ளே பிள்ளை அழுதது. அதே நேரத்தில் பின்பக்கம் அண்டாவின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடலிலிருந்து தோணியில் ஏறி, இலை போட்டாயிற்றா என்று கேட்டார்கள். மாமனார் முன்னால் வந்தார்.

தண்டல் எச்சிலை விழுங்கினார். “தவசு நாள்ல கறி...” என்றார்.

“இது சாம்பல் புதனுக்கு முந்தினது, மாமா,” என்று செலஸ்தினா பிள்ளையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “உக்காருங்க. ஆறிரும்.”

தண்டல் வாளியில் தண்ணீர் மொண்டு கை கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார். இஞ்ஞாசி பரிமாறினார், கறி கொஞ்சம் வேகவில்லை என்று சொல்லிக்கொண்டே. நானும் செலஸ்தினாவும் ஒரே இலையில் சாப்பிட்டோம். மாலை வாடாமல் இருந்தது.

நாளைக்கே முழுசா ஏத்தணும் என்று தண்டல் வாயில் சோற்றோடு சொன்னார். செவ்வாய்க்கு இன்னும் நாள் கிடந்தது. என்ன கிழமை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.